அத்தை மகன் ஹடீடா

மெயில் காலை ஒன்பதரைக்கு வந்தது.
ஏழாம் அத்தியாயம், காட்சி பதினான்கு:
கூட்டில் இருக்கும் இரண்டு பறவைகளில்
ஏதாவது ஒன்றுக்கு இமை வரையவும்.

எந்த ஒன்றுக்கு என்று சொல்லவில்லை.

இந்தத் தொழிலில் பெண் என்றால்
கண்ணோரம் மூன்று கோடு.
பசுவுக்கும் அதுதான், பேருந்துக்கும் அதுதான்.
மூன்று கோடு இழுக்க எனக்கு நாலு நொடி ஆகும்.
பதினெட்டு வருடமாக இழுக்கிறேன்.

ஹடீடாவில் ஆணெது பெண்ணெது என்று
டர்பனில் யாருக்குத் தெரியும்?
விடிகாலை நாலரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இறங்கி
சாட்ஸ்வொர்த் முழுவதையும் திட்டி எழுப்புகிற அந்தச் சாம்பல் பிராணியை
எவரும் அவ்வளவு நெருங்கிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
கோயில் மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில்
நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்:
பறவை அஃறிணை.
ஒன்றென்றால் அது, இரண்டென்றால் அவை.
எவ்வளவு நிம்மதியான இலக்கணம்.
பாழாய்ப்போன நான்தான் அவற்றுக்கு வாய் கொடுத்தேன்.
பேசின, உயர்திணை ஆயின,
உடனே மரியன்ஹில் சுங்கச்சாவடி மாதிரி
ஒருவர் கை நீட்டுகிறார்:
அவனா, அவளா?

இத்தனைக்கும் காட்சியில் ஒன்றுமே இல்லை.
மழை. அவகாடோ மரம்.
ஒரு பறவை நனைந்து வருகிறது.
மற்றது நகர்ந்து இடம் விடுகிறது.
"மண்புழு கிடைச்சுதா?"
"நத்தைதான்."
சிறகு ஒன்று தோள்மேல் விழுகிறது,
இருபது ஃபிரேம்; ஒரு நொடிகூட இல்லை.

அந்த இருபதை வரைய ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.
குபேன் ராத்திரி டியூட்டி முடிந்து
ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருவான்,
நான் தூங்குவதாக நினைத்து.
அந்தத் தோள் சரிவு அங்கே இருந்து வந்தது.

சின்ன வயதில் நான் பார்த்த கார்ட்டூன்களில்
என் மணிக்கட்டு இருந்தது.
என் நடை இருந்தது, என் இழுத்த குரலும்கூட.
எல்லாம் வில்லனிடம்.
கடைசியில் அவனை மலையிலிருந்து தள்ளிவிடுவார்கள்.
மாமா பையன்கள் கைதட்டுவார்கள்.
நானும் தட்டினேன்,
எல்லாரையும் விடச் சத்தமாக.

மத்தியானம் இன்னொரு மெயில்.
இமை வேண்டாமென்றால் பரவாயில்லை,
கசின் என்று ஒரு வசனம் சேர்த்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு மிஸஸ் மூட்லிக்குப்
பதினொரு வருடமாகக் குபேன் எனக்குக் கசின்தான்.
அம்மா அப்படிச் சொல்லிவைத்தாள்.
அவள் போன பிறகும் அந்தப் பொய்
கட்டி முடியாத சீட்டு மாதிரி ஓடுகிறது.

சரி என்று பதில் போட்டேன்.

சாயங்காலம் குபேனிடம் சொன்னேன்.
கோப்பையை வாயருகே நிறுத்தி
"எந்த வழியில கசின்?" என்றான்.
"சித்தப்பா மகனா?"
"அத்தை மகன்."
டீ மூக்கில் ஏறிவிட்டது அவனுக்கு.
இருமினான், சிரித்தான், மறுபடி இருமினான்.
எங்கோ கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்கு
யார் போய்ச் சொல்வது,
எங்கள் சனத்தின் கணக்கில்
அதைவிடப் பொருத்தமான முறை கிடையாது என்று.

சிரித்து முடித்தபின் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"சிறகு இருக்கா, வெட்டிட்டாங்களா?"
"பன்னிரண்டு ஃபிரேம் மிச்சம்."
"அரை நொடி."
"அரை நொடி."

ஒளிபரப்பான அன்று
தங்கச்சி மகள் கெரிஷா எங்கள் வீட்டில் இருந்தாள்.
சோபாவில் தலைகீழாகக் கிடந்து பார்த்தாள்.
கசின் வசனம் வந்தது. சிறகு விழுந்தது.
கூடவே கரண்ட்டும் போயிற்று; நாலாம் கட்ட வெட்டு.
அவள் எதுவும் கேட்கவில்லை.
கேட்பாள் என்று நான் எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்த பதில்
இன்னும் என்னிடமே இருக்கிறது.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படம் போட்டாள்.
இரண்டு ஹடீடா. இரண்டுக்கும் இமை.
அப்புறம் நத்தைக்கு, மழை மேகத்துக்கு,
குபேனின் ஆஸ்பத்திரி அட்டையில் இருக்கும் முகத்துக்கு.

அடுத்தது நான்.
கண்ணை மூடு, ஆடக்கூடாது என்றாள்.
ஸ்கெட்ச் பேனா சில்லென்று இருந்தது.
மூன்று கோடு.
அவளுக்கு நாலு நொடிக்கு மேல் ஆயிற்று.