ஏழு வரை

பத்தொன்பது வருஷமாக இந்த நாற்காலி.
என் வேலை ஒரே ஒரு சொல்:
தொடாதீர்கள்.
எஸ்தோனிய மொழியில், ருஷ்ய மொழியில்,
கோடையில் மட்டும் ஜெர்மனில்.
சிலை ஒன்றுக்கு நாலு நொடி நிற்பார்கள்,
அதிலும் பாதி பெயர்ப்பலகைக்குப் போய்விடும்.
சுண்ணச் சிலைகள் புகார் சொன்னதில்லை.
நானும்.

பிப்ரவரியில் புதிதாய் வேலைக்கு வந்த லீலோ
"உர்மாஸ், இனி வியாழன் மாலைகளில்
நீங்கள் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும்" என்றாள்.
நான் என்ன தப்புச் செய்தேன்?

விளையாட்டு இதுதான்.
நான் முதுகு காட்டி ஏழு எண்ணுவேன்.
வந்தவர்கள் கதவிலிருந்து கூடத்தின் கடைசிக்கு
நழுவிச் சேரவேண்டும்.
நான் திரும்பினால் உறையவேண்டும்,
பக்கத்தில் எந்தச் சிலையோ அந்தச் சிலையாக.
அசைந்தவர் மறுபடி கதவுக்கு.

தரை தேயாமலிருக்க
பூட்ஸ் மேல் மாட்டத் தருகிற கம்பளிச் செருப்பு
அன்று சறுக்குவண்டி ஆயிற்று.
வெளியே மைனஸ் பதினாலு.
உள்ளே பதினோரு பேர், ஒருவருக்கும் மூச்சில்லை.

வரி அலுவலகத்தில் ஓய்வு பெற்ற கல்யோ
வட்டெறிபவனிடம் மாட்டிக்கொண்டார்.
வலக்காலில் மொத்த எடை,
இடுப்பு ஒரு பக்கம், தோள் இன்னொரு பக்கம்.
தொடை நடுங்க, பல்லைக் கடித்தபடி சொன்னார்:
"இவன் எறிகிறான் என்றல்லவா நினைத்திருந்தேன்.
இல்லை, ஐயா. இன்னும் எறியவில்லை."
அப்போதுதான் நான் அவனைப் பார்த்தேன்.
இன்னும் எறியவில்லை.

கெர்ட்டுவுக்கு ஏழு வயது.
கையில்லாத பெண்ணருகே அகப்பட்டதும்
இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள்.
வெறும் சட்டைக் கைகள் தொங்கின.
"இவள் கையில் என்ன இருந்தது?"

கையேட்டில் அறிஞர்களின் மூன்று கருத்துகள் உண்டு.
யாரும் கையேட்டைக் கேட்கவில்லை.
உறைந்த வாய்களிலிருந்து உதடு அசையாமல் பதில் வந்தது:
கண்ணாடி.
ஆப்பிள்.
வீட்டுச் சாவி, தேடிக்கொண்டிருப்பாள்.
ஒன்றுமில்லை, முதுகு அரித்திருக்கும்.
விதிப்படி எல்லோரையும் கதவுக்கு அனுப்பியிருக்கவேண்டும்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
காவலர் சிரிப்பதற்கு விதி எதுவும் எழுதப்படவில்லை.

இயக்குநர் ஒரு கடிதம் அனுப்பினார். அதில்
கண்ணியம் என்ற சொல் மூன்று முறை.
அடுத்த வியாழன் நேரில் பார்க்க வந்தார்.
நான் எண்ணி முடித்துத் திரும்பினேன்:
கக்கத்தில் கோப்பு, ஒரு கை உயர்ந்து
பேரரசன் பக்கத்தில் நின்றிருந்தார்.
துளி அசையவில்லை.
அப்புறம் கடிதம் வரவில்லை.

நேற்று ரொட்டித் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி,
இரவு முறை முடித்துப் பகலெல்லாம் விழித்திருந்தவள் போல,
கோட்டு மடிப்பில் மாவு,
மகன் கையைப் பிடித்து வந்தாள்.
தூங்கும் பெண்ணின் சிலையருகே பெஞ்சு இருக்கிறது.
அதில் முழங்கால் மடித்து, கைமேல் தலை வைத்து
உறைந்தாள்.

நான் மூன்று முறை சுவருக்குப் போய்த் திரும்பிவிட்டேன்.
மற்றவர்கள் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று.
அவள் கோட்டின் இரண்டாவது பொத்தான்
ஏறியது, இறங்கியது.
அசைவு அசைவுதான்.
பையன் என் முகத்தையே பார்த்தான்.

சுவர்ப் பக்கம் திரும்பினேன்.
ஒன்று
என்றேன்.
வெளியே யாரோ படியில் பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
அது முடியட்டும் என்று இருந்தேன்.
இரண்டு.