தண்ணீர்க் கழிவு

எழுபத்து மூன்று ஐப்பசி மழையில்
சேரம்பாடிக்கு லாரியில் வந்து இறங்கினோம்,
பதினேழு குடும்பம்.
தகரப் பெட்டி, வால்வு செத்த ரேடியோ,
மஸ்கெலியா லயத்தில் கழற்றிய கதவுத் தாழ்ப்பாள்.
இதை எதுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று
மண்டபம் முகாமில் அம்மாவை எல்லோரும் கேட்டார்களாம்.
கதவைத் தூக்க முடியவில்லை என்றாளாம்.

கொழுந்து காத்திருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.
காடு இருந்தது.
அட்டைக்குப் புகையிலையும் உப்பும் காலில் அப்பிக்கொண்டு
வெட்டிப் போட்ட மூங்கிலுக்கு நடுவே நின்றோம்.
கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த பணியர் இருவர்
நிமிர்ந்து பார்த்தார்கள்.
ஒன்றும் கேட்காமல்
இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டார்கள்.
அவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.
நாங்களும்தான்.

மொய்து காக்கா கடையில் கடன் கிடைத்தது.
நோட்டில் எங்களுக்குப் பெயர் கிடையாது:
சிலோன் ஒன்று, சிலோன் இரண்டு.
அம்மா, சிலோன் ஒன்பது.
காக்கா நல்லவர். அப்பா செத்த மாதம்
ஒன்பதாம் பக்கத்தைக் கிழித்துச் சாயா அடுப்பில் போட்டார்.
அப்போதும் பெயர் கேட்கவில்லை.
பூரணி.
அவள் பெயர் பூரணி.

எடைக் கொட்டகையில் முள் இருபத்தொன்றில் நிற்கும்,
துண்டில் பத்தொன்பது விழும்.
தண்ணீர்க் கழிவு என்பார் கணக்குப்பிள்ளை.
புல் கருகிய மாசியிலும்
எங்கள் கூடையில் மட்டும் இரண்டு கிலோ தண்ணீர்.
"கடல் தாண்டி வந்தவங்க, ஈரம் இருக்கத்தானே செய்யும்."
வரிசை மொத்தமும் சிரிக்கும்.
அம்மாவும் சிரிப்பாள், கொஞ்சம் பிந்தி.

இப்போது தராசு என்னிடம்.
எலக்ட்ரானிக் தராசு, சிவப்பு எண்கள்.
எங்கள் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில்.
லைன் வீட்டில் ஜார்க்கண்டுக்காரர்கள்
அம்மாவின் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் ஒரு பெண்.
செக்ரோலில், என் கையெழுத்தில், வடக்கு நான்கு.
கூடையை வைத்தாள்.
எண்ணைப் பார்த்தாள், பிறகு என்னை.
இருபத்தொன்று புள்ளி நான்கு.
பெயரைச் சொன்னாள்.
நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்,
இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்தி,
பேச்சு வராத பிள்ளைக்குச் சொல்வதுபோல.

காதில் விழாமல் இல்லை.
பத்தொன்பது என்று எழுதினேன்,
புள்ளியையும் விட்டுவிட்டு.

இந்த மாசியில்
இதுவரை ஒரு சொட்டு மழை இல்லை.