பெயர் கழன்ற டப்பாக்கள்

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்
லிஸ்மோரில் வெயில் அடித்தது,
தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல.
வாகீசன் சமையலறை அலமாரியைத் திறந்தான்.
கதவு கையோடு வந்துவிட்டது.

போகவேண்டியவை முதலில் போயின.
மூட்டை அரிசி புளித்து, ஒரே கட்டியாய்.
ஊறிய உளுந்து நாறினால் எப்படி நாறும் என்று
தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.
பால்மா, ரவை,
இரண்டு உறை போட்டு ஒட்டிய முறுக்குப் பொதி கூட.
உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை,
இருந்தாலும் எறி என்றது கவுன்சில் தந்த தாள்.
ஊறுகாய்ப் போத்தலையும் எறியச் சொன்னது.
திருகுமூடிக்கு அடியில் சேறு ஒளிந்திருக்குமாம்.
உப்பும் எண்ணெயும் காயமும் காவலிருக்க
ஐந்து வருடம் கெடாமல் கிடந்த எலுமிச்சை
மூடியின் ஒரு புரியில் தோற்றது.

தகரம் மட்டும் மிச்சம்.
நாற்பத்தொன்று.
அதில் பதின்மூன்று பக்கத்து வீட்டு டாரிலுடையவை,
ஒரே வாளியில் கழுவப் போட்டதில் கலந்துவிட்டன.
குளோரின் தண்ணீரில் சுற்றுத்தாள்கள் கழன்று மிதந்தன,
தக்காளியின் படம், மீனின் படம்,
சிரிக்கிற சமையல்காரனின் பாதி முகம்.
வேலியோரம் வெயிலில் அடுக்கினேன்,
எல்லாம் அம்மணமாய், எல்லாம் ஒரே மாதிரி.

அடியில் மட்டும் கறுப்பு மை அழியவில்லை.
பெயர் போய், விலை போய்,
செய்த ஊரும் போய்,
எதுவரை நல்லது என்ற தேதி மட்டும் இருந்தது.

தட்டிப் பார்த்தோம். விரலால் அமுக்கிப் பார்த்தோம்.
மடிப்பில் நசுங்கிய ஒன்று,
வயிறு உப்பிய இரண்டு.
கையுறை போட்டு
தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல்
தூக்கிக்கொண்டு போனான் வாகீசன்.

"அம்மா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்
எக்ஸ்ரே எடுங்கோவன்" என்றான் நிதுரன்.
பதினாறு வருடம் எலும்புகளைப் படமெடுக்கிறேன்,
தகரத்துக்கு வரிசையில் இடமில்லை என்றேன்.
குலுக்கிக் கேட்கப் பழகினோம்.
சலசலத்தால் பழம்.
அசையாவிட்டால் பீன்ஸ்.
ஒருமுறை மட்டும் இடறினால் மீன்.
பாதிக்குப் பாதி பிழைத்தது.

இரவுக்கு ஒன்று, கூடாரக்காரரின் காஸ் அடுப்பில்.
முதல் இரவு சோற்றுக்கு பீச் பழம்.
இரண்டாம் இரவு டின்மீன்!
வெங்காயம் இல்லை, மிளகாய்த்தூள் இல்லை,
ஆனாலும் மூவரும் சட்டியை வழித்தோம்.
மூன்றாம் இரவு தேங்காய்ப்பால்,
அதோடு சாப்பிட ஒன்றுமில்லை.

நான்காம் இரவு திறந்ததில்
பழுப்பாய், கூழாய், ஒரு கனத்த வாடை.
வேலிக்கு அப்பாலிருந்து டாரில் எட்டிப் பார்த்தார்.
"அது பட்ச்சின் சாப்பாடு" என்றார், சிரித்தார்.
பட்ச் போன வருடக் குளிரிலேயே செத்துப்போன நாய்.
மறுநாள் காலை வந்து, நிலத்தைப் பார்த்தபடி,
"இன்னும் மூன்று இருக்கவேண்டும்,
கண்டால் சொல்லுங்கள்" என்றார்.

இரண்டு கண்டோம். மூடியைக் கவிழ்த்து வைத்துக் கொடுத்தோம்.

காப்புறுதிக்காரன் கட்டிலுக்கு ஒரு வரி,
குளிர்பெட்டிக்கு ஒரு வரி எழுதினான்.
உணவு என்ற இடத்தில் 'பலவகை' என்றான்.

இப்போது குன்றின் மேல் வாடகை வீடு.
டாரில் வீட்டை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டு
மகளோடு பலினாவுக்குப் போய்விட்டார்.
ஒரு டப்பா மட்டும் எங்களோடு ஏறி வந்திருக்கிறது.
தேதி முடிந்து பதினொரு மாதம்.
உப்பவில்லை, துருவில்லை.
அந்தத் தேதி ருசிக்குத்தான், உயிருக்கில்லை,
இன்னும் பல வருடம் தாங்கும் என்கிறான் வாகீசன்.
நிதுரன் திறப்பானோடு நிற்கிறான்.
குலுக்கினேன். ஒருமுறை இடறியது.

மீனாக இருக்கலாம்.

வானொலி இன்றிரவு கனமழை என்றது.
டப்பாவை மேல்தட்டுக்கு மாற்றிவைத்தேன்.