காட்டுமாடு விபத்தில் சேருமா

மூன்று திட்டங்களையும்
இஸ்திரி மேசையில் விரித்தார்
வத்தலக்குண்டு ஏஜெண்ட் அன்வர்தீன்.
தாள்கள் சுருண்டுகொண்டே இருந்தன.
ஆறிய இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி மேலே வைத்தேன்.
மூஞ்சிக்கல்லில், எங்கள் சலவைக்கூடத்தில்
காய்ந்த தாள் என்று ஒன்று கிடையாது.

பதினொரு விடுதிகளின் படுக்கைவிரிப்பு இங்கேதான் வருகிறது.
தேனிலவுக்காரர்கள் சிந்திய ஒயினும்
குழந்தைகள் நனைத்ததும்
எங்கள் தொட்டிக்கு ஒன்றுதான்.
ஊர்பேர் தெரியாதவர்கள் எப்படிப் புரண்டு படுத்தார்கள் என்றுகூடச் சொல்வேன்.
என் ஆட்களின் உடம்பைப் பற்றி
படிவம் கேட்டபோது விழித்தேன்.

ஏற்கெனவே உள்ள நோய்?

லூர்துராஜ் "சர்க்கரை" என்று உரக்கச் சொன்னான்,
ஏதோ நிலம் இருப்பதுபோல.
பாண்டீஸ்வரி எல்லோரும் நகரட்டும் என்று நின்றாள்.
பிறகு என் காதில் சொன்ன சொல்லை
இங்கே எழுத மாட்டேன்.
மலிவுத் திட்டத்தில் அதற்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.
நடுத் திட்டத்தில் முதல் நாளிலிருந்தே உண்டு.

"ஒரு சந்தேகம்க்கா" என்றான்
ப்ளீச் தொட்டியிலிருந்து கணேசமூர்த்தி.
"காட்டுமாடு முட்டினா
அது விபத்தா, நோயா?"
சிரித்தோம். அன்வர்தீன் சிரிக்கவில்லை.
மதுரைக்குப் போன் போட்டார்.
மதுரை சென்னையைக் கேட்கச் சொன்னது.
சென்னை கேட்டதாம்:
"மாடு யாருடையது?"

இணைப்பு மருத்துவமனைப் பட்டியலை
விரலால் தடவிக்கொண்டே போனேன்.
திண்டுக்கல்லில் நான்கு. தேனியில் மூன்று.
மதுரையில் ஒரு பக்கம் முழுக்க.
கொடைக்கானலுக்கு நேரே
ஒரு கோடுகூட இல்லை.
இங்கே எந்த நெஞ்சுவலியும்
வளைவு வளைவாய் இறங்கித்தான் ஆகவேண்டும்,
அதுவும் மே மாதமென்றால்
ஏறி வரும் கார்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி.
கையில் காசு வேண்டாம் என்பது தடித்த எழுத்து.
ஆம்புலன்ஸுக்கு இரண்டாயிரம் வரை என்பது
கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்து.

பெற்றோரையும் சேர்த்தால்
வருடத்துக்கு இன்னும் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
ஐப்பசிக்குள் வாங்க நினைத்த
உலர்த்தும் எந்திரமும் கிட்டத்தட்ட அதே விலைதான்.
கொடியில் மூன்று நாளாய்த் தொங்குகிறது வெள்ளைத்துணி.
மேகம் வந்து தடவிவிட்டுப் போகிறது,
நாங்கள் மறுபடி பிழிகிறோம்.
ஈரவாடை என்று சொல்லி
போன வாரம்தான் ஒரு விடுதி கைவிட்டுப் போனது.

அப்புறம் ஒரு விதி:
குழு என்றால் ஏழு பேராவது வேண்டும்.
எண்ணினேன். ஆறு.
"நீங்க சம்பளம் எடுக்கிறீங்களாக்கா?"
"மிச்சமிருந்தா."
"எடுக்கிறதா எழுதிக்கலாம்" என்றார்.
என் பெயர், என் வயது வரைக்கும் வேகமாய் ஓடிய பேனா
அந்தக் கட்டத்தில் வந்து நின்றது.
பாண்டீஸ்வரி
மடித்த விரிப்பையே எடுத்து
மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்,
முதுகைக் காட்டிக்கொண்டு.
எழுதிவிட்டேன்.

நடுத் திட்டம்.
பெற்றோருக்கு நான் பாதி, அவர்கள் பாதி.
முழு நல்லவளாக எந்திரம் விடவில்லை.
பழனியில் பழசு ஒன்று விலைக்கு வருகிறதாம்.
போய்ப் பார்க்க வேண்டும்.

கையெழுத்துக் காயும் முன்பே
சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது.
"விபத்துதானாம்க்கா.
ஆனா எழுத்தில தர மாட்டாங்களாம்."
கேட்டவன் உள்ளே இல்லை.
வெளியே, கொடிக்கு அடியில் நின்ற கரிய ஒன்றை
ஈரத்துண்டை வீசி
"ஹோய், ஹோய்" என்று
விரட்டிக்கொண்டிருந்தான்.