நாற்பத்தொன்றில் பத்து

மெல்கியோர் கொண்டுவந்தது நாற்பத்தொரு ஸ்லைடு.
பத்தைத் தாண்டினால்
பணம் வைத்திருப்பவர்கள் போனைப் பார்க்க ஆரம்பிப்பார்கள்
என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

தண்டையார்பேட்டை. டைல்ஸ் கடைக்கு மேலே மாடி அறை.
பெஞ்சில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் குழாய்,
அதன் முதுகில் பத்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு சென்சார்.
"துரு புடிக்கறப்ப இரும்பு சத்தம் போடும்மா,
நம்ம காதுக்குத்தான் எட்டாது."
இந்த ஒரு வாக்கியத்துக்காக
முப்பத்து மூன்றாம் ஸ்லைடுவரை காத்திருந்தேன்.
முதலில் வையுங்கள் என்றேன்.

பிறகு வெட்டத் தொடங்கினேன்.
சமன்பாடுகள் போயின.
அதிர்வெண் அட்டவணை போனது.
முதல் மழையில் கழன்ற பசை,
இரண்டாம் கோடையில் உருகிய பசை,
கடைசியாக ஒட்டிய பசை,
மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரி:
பதினோரு ஆண்டு ஆய்வு.
மூலையில் நிரல் எழுதிக்கொண்டிருந்த சௌந்தரி
தலையைத் தூக்காமல் சொன்னாள்:
"ரத்தத்த எடுத்துக்குனு ரிப்போர்ட்ட மட்டும் குடுக்கறீங்க."

சந்தையின் அளவு என்ற இடத்தில்
மெல்கியோர் எழுதியிருந்தார்: எண்ணூர், மணலி.
அடித்துவிட்டு உலகம் என்று போட்டேன்.
எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பத்தரைக்கு நுங்கம்பாக்கம்.
சௌந்தரியை வியாசர்பாடியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று
கொருக்குப்பேட்டை கேட் பக்கம் ஆட்டோவைத் திருப்பச் சொன்னது
என் புத்தி.
கேட் மூடியிருந்தது.
ஐம்பத்தெட்டு வேகன் எண்ணி முடித்தேன்,
எதிர்ப்பக்கம் இன்னொரு சரக்கு வண்டி வந்தது.
சும்மா இருப்பானேன், சொல்லிப் பாருங்கள் என்று
ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன்.

லாரி ஹாரனுக்கு மேலே குரலை உயர்த்தி
ஏழு நிமிடத்தில் சொல்லி முடித்தார்.
ஆட்டோக்காரர் திரும்பி உட்கார்ந்து கேட்டார்.
பக்கத்தில் தண்ணி கேன் வண்டிக்காரரும்
ஹேண்டில்பாரில் முழங்கையை ஊன்றிக் கேட்டார்.
"எல்லாம் சரி சார்.
நட்ட நடு ராத்திரி அது கத்துச்சுன்னா
யாரு எந்திரிச்சு வருவா?"
பத்து ஸ்லைடிலும் அதற்குப் பதில் இல்லை.
மெல்கியோர் என்னைப் பார்த்தார்.
நான் கேட்டைப் பார்த்தேன்.

நாற்பது நிமிடம் தாமதம். கண்ணாடி மேசை. மூன்று பேர்.
உங்களை வேறொருவர் காப்பியடித்தால்?
போட்ட பணம் எந்த வருடம் வெளியே வரும்?
சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒப்பித்தார்,
நாலாம் ஸ்லைடுவரை.
பிறகு ரிமோட்டை வைத்துவிட்டு
அரிசிப் பையிலிருந்து குழாயை எடுத்தார்.
அது எனக்குத் தெரியாது.
கண்ணாடி மேல் இரும்பு உட்கார்ந்த சத்தத்தில்
ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.
சௌந்தரி ஸ்பீக்கரைத் திருகினாள்.

தூரத்து அடுப்பில்
கடுகு வெடிப்பது போல,
ஒன்று.
அப்புறம் நெடுநேரம் கழித்து
இன்னொன்று.
மூன்று நிமிடம் இப்படியே போனது.
நான் கடிகாரத்தைக் காட்டிக் காட்டிக் கை சலித்தேன்.
ஆனால் யாரும் போனைப் பார்க்கவில்லை.

யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்,
வழக்கம்போல.
பதினேழாம் நாள் பதில் வந்தது:
எட்டு கோடி கேட்டோம், ஒன்றரை தருவார்களாம்.
மீதியைப் பேசுவதற்கு முன்
ஒரு விளக்கம் வேண்டுமாம்:
இரவில் எச்சரிக்கை வந்தால் போவது யார்?

வெட்டிய முப்பத்தொன்றையும் நான் அழிப்பதில்லை.
தனி ஃபோல்டரில் கிடக்கும்.
திறந்து தேடினேன்.
இருபத்தேழாவது, ஒரு போட்டோ:
சோதனைக் கொட்டகையில் குழாய்க்குப் பக்கத்தில்
சிமென்ட் தரையில் கைலியை விரித்து
வாய் திறந்து தூங்குகிறார் மெல்கியோர்.
காதில் ஹெட்போன்.
படத்தின் மூலையில் நேரம் 2:40.

கீழே சிவப்பில் நான் போட்ட குறிப்பு இருந்தது:
சொந்தப் படம். தேவையில்லை.