எழுத்துக்கு எட்டு ரூபாய்

ஆறடிக்கு நாலடித் தகரப் பலகை.
மாறன்பேரியின் ஆயிரம் வருஷம் அதில் அடங்க வேண்டும்.
மேல்பாதி தலைவர், துணைத்தலைவர்,
செயல் அலுவலர் பெயர்களுக்குப் போயிற்று.
மிச்சத்தில் வரலாறு எழுதச் சொல்லி
என் மேஜைக்கு வந்தது கோப்பு.

எழுத்துக்கு எட்டு ரூபாய், புள்ளி இனாம்
என்றார் பெயிண்டர் மைதீன்பிச்சை.

முதலில் கல்வெட்டு.
பெரிய மடையில் நின்ற தூண்
இப்போது கீழத்துறையில் துவைகல்.
நுரையை வழித்துவிட்டுப் படித்தேன்.
தூம்புக்குக் கல் கொடுத்தவன் பெயர் இருக்கிறது.
அளந்த நெல் இருக்கிறது.
இதை அழித்தவன்
கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற
பாவத்தில் போவான் என்று இருக்கிறது.
கல் சுமந்தவன் பெயர்
தேய்ந்த பக்கத்தில் இருந்திருக்கலாம்.
இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அப்புறம் பாளையக்காரர் கோட்டை,
குளத்துக்கு நடுவே, திட்டில்.
கும்பினிக்காரன் பீரங்கி வைத்து இடித்தான் என்பது
கவுன்சிலர் தவசிக்கனியின் கட்சி.
அந்தக் கல்லில்தானே மேலத்தெருவே எழும்பிச்சு என்பது
அவருடைய மாமனார் கட்சி.
கோடையில் அஸ்திவாரம் வெளியே தெரியும்.
பையன்கள் அதில்தான் ஸ்டம்ப் நடுவார்கள்.

மாடக்கண்ணுவுக்கு ஒரு வரி வைத்திருந்தேன்.
கரை அதிர்ந்த ராத்திரி
அடைத்துக்கொண்ட மடையைத் திறக்க முங்கினவர்.
மடை திறந்தது. பிசானம் பிழைத்தது.
தண்ணீர் அவரவர் வயலுக்குப் போய்ச் சேர்ந்தது.
அவருக்கு வயல் கிடையாது,
அவர் எங்கும் போய்ச் சேரவில்லை.

'சர்ச்சையாகும்' என்று ஓரத்தில் பென்சில்.
எந்தத் தெரு ஆள் என்று எல்லோருக்கும் தெரியும்.
நாற்பத்திரண்டு எழுத்து மிச்சம்,
முந்நூற்று முப்பத்தாறு ரூபாய்.

பறவைக் காவலர் இஸ்ரவேல் ஒரு வளையம் கொண்டுவந்தார்,
செத்த வாத்தின் காலில் கிடந்தது.
எழுத்துக் கூட்டினோம். லிதுவேனியா.
போனில் தேடினால் அங்கேயும் ஓர் ஊர்,
ஏரி நடுவே செங்கல் கோட்டை,
கரையோரம் மரவீடுகள், பின்னால் வெள்ளரித் தோட்டம்.
"நம்ம கோட்டைய இவன்தான் தூக்கிட்டுப் போனானா?"
என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.
குளிர்காலத்தில் அங்கே ஏரிமேல் நடப்பார்களாம்.
நாங்களும்தான் நடக்கிறோம், மே மாதத்தில்.
அந்தக் கோட்டையில் கல் சுமந்தவர்களைப் பற்றி
போன் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி வரி பேருந்து நிலையம்.
கிராமக் கணக்கில் அது நீர்ப்பிடிப்பு, தென்கோடி.
பலகையில்: 'போக்குவரத்து வசதி மிக்கது.'
நான்தான் எழுதினேன்.

பலகை நட்ட ஒன்பதாம் நாள் மார்கழி மழை.
குளம் யாரையும் கேட்கவில்லை.
டிக்கெட் கவுண்டர் வழியாக வந்து
நாலாம் நம்பர் பிளாட்பாரத்தில்
பெஞ்சுமேல் ஏறி உட்கார்ந்தது.
மூன்று நாள் இருந்தது.
போகும்போது மறுகால் வழியே
தலைவர், துணைத்தலைவர், ஆயிரம் வருஷம்
எல்லாவற்றையும் அழைத்துக்கொண்டு போனது.

இப்போது சுவரில் ஒரு சகதிக்கோடு,
என் கழுத்து உயரம்.
கோட்டுக்கு மேலே திசையன்விளை வண்டி நேரம் தெரிகிறது.
கீழே நாங்குநேரி, களக்காடு எதுவும் தெரியவில்லை.

"சுண்ணாம்பு அடிச்சிரலாமா மேடம்?"
மைதீன்பிச்சை ஏணியோடு நிற்கிறார்.
மதிப்பீடு கேட்டு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும்.
கோப்பு என் மேஜையில்தான் இருக்கிறது,
ஒன்றிரண்டு கையெழுத்துதான் பாக்கி.
அதில் ஒன்று என்னுடையது.