கேட்டு எடுத்தது

பண்ணைக் கடற்கரை லைற்றுக்குக் கீழ
பிரிட்ஜ் வந்த மட்டைப்பெட்டியை விரிச்சுப்போட்டு
பெடியள் சுழலுகினம்.
முதல் மூண்டு கிழமை
கைதட்ட மட்டும் போனனான்.
தாளம் எனக்குத் தெரியுமெண்ட நினைப்பு
முதல் நாளே பிழைச்சுப்போச்சு:
அவங்கள் தட்டுறது
நான் விடுகிற இடத்தில.

றொக்சன் தோளில விழுந்து
ஒற்றை முழங்கையில நிண்டு
வலை இழுக்கிற மாதிரிக் காலை இழுப்பான்.
குருநகர்க் கடலில
அவனே விடியப்புறம் இழுக்கிற இழுவை.
வீட்டில, கண்ணாடிக்கு முன்னால,
ஒருக்காச் செய்து பாத்தன்.
வந்தது.
வந்ததுதான் வெக்கமாக் கிடந்தது.

அடுத்த சனி கேட்டன்: எடுக்கலாமோ?
"எடுங்கோ. ஆனா
எங்கயிருந்தெண்டு சொல்லுங்கோ.
முழங்கை உரிஞ்சா அழக்கூடாது."
உரிஞ்சது.
பிறகு அவன் என்ர அரைமண்டியைக் கேட்டு
இருந்து பாத்தான்.
பாதிப் பாட்டில
தூசணத்தோட எழும்பினான்.

இப்ப மண்டபத்து அழைப்பிதழ்.
ஆடுறவை பட்டியலில, என்ர பேருக்குப் பக்கத்தில,
அதே அளவு எழுத்தில
அவன்ர பேரையும் போடச் சொன்னன்.
அச்சகக்காரர் கண்ணாடியை ஏத்தினார்:
தம்பி ஆற்ற மாணவன்?

யோசிச்சுச் சொன்னன்:
பண்ணை, நாலாவது லைற் போஸ்ற்.

எழுதத் தொடங்கி, பேனையை நிப்பாட்டி,
முன்னால 'கலாபூஷணம்' போடவோ எண்டார்.